முகம் தெரியாதவர் எழுதிய புரோகிராமைக் கடைக் கம்ப்யூட்டரில் திறக்கலாமா?

வணிகர்களுக்கான கம்ப்யூட்டர் பாடம்

இன்று கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் இல்லாத கடை குறைவு. பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, கடன் பாக்கி எழுதுவது, ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்புவது எல்லாம் அதில்தான். தளவாய்புரம், செட்டியார்பட்டி பகுதியில் ரெடிமேட் துணி தைத்து அனுப்புவோருக்கும், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதிகளில் மளிகை, தானியம், எண்ணெய் வியாபாரம் செய்வோருக்கும் இது பொது.

இந்த வேலைகளுக்கான புரோகிராம்கள் இரண்டு வகை. பெரிய கம்பெனிகள் விற்பவை ஒரு வகை. ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கும் ஒன்றிரண்டு இளைஞர்கள் எழுதிக் கொடுப்பவை மற்றொரு வகை. இரண்டாவது வகை விலை குறைவு. தமிழில் பில் வரும். மூட்டை, டின், சில்லறை என்று நாம் கேட்ட மாதிரி மாற்றியும் தருவார்கள். ஆனால் அந்தப் புரோகிராமை முதன்முதலில் திறக்கும்போது திரையில் நீல நிறப் பெட்டி ஒன்று வரும். 'விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி' என்று அதில் எழுதியிருக்கும். கடைப் பையன், "இது எப்பவும் வரும் முதலாளி" என்று சொல்லி ஒரு பொத்தானை அழுத்திவிடுவான்.

அந்த ஒரு அழுத்தலில் என்ன நடக்கிறது, எப்போது அழுத்தலாம், எப்போது கூடாது என்பதே இந்தப் பாடம். ஜி.எஸ்.டி. சட்டத்தின்படி நாம் கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள், அதாவது ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். யாரிடம் எவ்வளவு வர வேண்டும் என்ற பாக்கிப் பட்டியலும் அதே கம்ப்யூட்டரில் இருக்கிறது. தவறான ஒரு புரோகிராம் உள்ளே வந்தால் போவது கம்ப்யூட்டர் மட்டுமல்ல, கடையின் பேரேடும் சேர்ந்தே போகும்.

எச்சரிக்கை சொல்வது என்ன?

நம் தராசுக்கு எடையளவுத் துறையினர் முத்திரை வைக்கிறார்கள். அதுபோல, புரோகிராம் எழுதுகிறவர் தம் ஃபைலில் மின்னணு முத்திரை வைக்கலாம். இதற்கு டிஜிட்டல் கையொப்பம் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இந்த முறையை 1996ல் கொண்டுவந்தது. இந்தக் கையொப்பம் இரண்டு விஷயங்களைச் சொல்லும். ஒன்று, இந்த ஃபைலுக்குப் பொறுப்பேற்றவர் யார். இரண்டு, அவர் கையை விட்டுப் போன பிறகு யாரும் அதில் கைவைக்கவில்லை என்பது.

2012ல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஸ்மார்ட் ஸ்கிரீன்' என்ற காவல்காரர் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறார். இணையத்திலிருந்து வந்த ஃபைலை நாம் திறக்கும்போது அதில் கையொப்பம் இருக்கிறதா, உலகில் பலர் ஏற்கனவே இதை இறக்கிப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று அவர் பார்ப்பார். தெரியாத ஆள், அதிகம் பேர் பார்க்காத சரக்கு என்றால் நீலப் பெட்டியைக் காட்டுவார். ஆகவே நீலப் பெட்டி என்பது "இவரை எனக்குத் தெரியாது" என்ற தகவல். "இவர் திருடர்" என்ற தீர்ப்பு அல்ல. நேற்று எழுதி முடித்த நேர்மையான புரோகிராமுக்கும் அது வரும்.

ஊர் இளைஞர்கள் ஏன் கையொப்பம் வாங்குவதில்லை என்று கேட்கலாம். அதற்கான சான்றிதழுக்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. மேலும் 2023 ஜூன் 1 முதல், கையொப்பச் சாவியை டோக்கன் போன்ற தனிக் கருவியில்தான் வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. ஜி.எஸ்.டி. வேலைக்கு நம்மில் சிலர் செருகும் டி.எஸ்.சி. டோக்கன் போன்றதே அது. பத்துக் கடைக்குப் புரோகிராம் விற்கிறவருக்கு இந்தச் செலவு பெரிது.

முத்திரை இருந்தால் போதுமா?

போதாது. தராசில் முத்திரை இருக்கலாம். நிறுக்கிற கை சரியாக இருக்க வேண்டும் அல்லவா?

2017 ஆகஸ்டு, செப்டம்பரில் 'சிகிளீனர்' என்ற புகழ்பெற்ற சுத்தம் செய்யும் புரோகிராமின் ஒரு பதிப்பில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். கம்பெனியின் அசல் கையொப்பத்துடனேயே அந்த ஃபைல் வெளியானது. சுமார் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் அது ஏறியது.

அதே ஆண்டு ஜூன் 27ல் உக்ரைன் நாட்டில் நடந்தது நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே வரிக் கணக்கு அனுப்பப் பெரும்பாலான வணிகர்கள் பயன்படுத்திய 'மெடாக்' என்ற கணக்குப் புரோகிராமின் புதுப்பிப்பு வழியாக 'நாட்பெட்யா' என்ற நாசப் புரோகிராம் பரவியது. அது உலகம் முழுவதும் ஓடி, மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமத்தின் கன்டெய்னர் முனையத்திலும் வேலை பாதிக்கப்பட்டது. கணக்குப் புரோகிராம்தானே என்று யாரும் சாதாரணமாக எண்ண வேண்டாம்.

எச்சரிக்கை வராவிட்டால்?

இந்த இடத்தை வாசகர்கள் நன்கு கவனிக்க வேண்டும். இணையத்திலிருந்து இறக்கும் ஃபைலின் மேல் விண்டோஸ் ஒரு அடையாளம் ஒட்டுகிறது. "இது வெளியிலிருந்து வந்தது" என்று பொருள். அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் ஸ்மார்ட் ஸ்கிரீன் வேலை செய்கிறது. நம் ஊரில் புரோகிராம்கள் பெரும்பாலும் பென் டிரைவில் கைமாறுகின்றன. பென் டிரைவில் ஏற்றி இறக்கும்போது அந்த அடையாளம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். நீலப் பெட்டி வராது. "எச்சரிக்கையே வரவில்லை, நல்ல புரோகிராம்தான்" என்று நாம் நினைத்துக்கொள்வோம். பென் டிரைவில் வந்த சரக்குக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் இந்தக் காவல் முறையே உள்ளே கிடையாது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் பில் போடுகிறவர்கள் புதிய புரோகிராம்களை அதில் சோதித்துப் பார்க்காமல் இருப்பது நலம்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. யார் எழுதியது? அவர் பெயர், ஊர், தொலைபேசி தெரியுமா? நாளை கோளாறு வந்தால் நேரில் போய்க் கேட்க முடியுமா? அவரிடம் வாங்கிய வேறு இரண்டு கடைக்காரர்களிடம் விசாரித்தோமா? புதிய தரகரிடம் பத்து மூட்டை உளுந்து வாங்குவதற்கு முன் இதையெல்லாம் விசாரிக்காமல் இருப்போமா?

2. எந்த வழியாக வந்தது? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் அந்தப் பெயர் எழுதிய எல்லாப் பெட்டியும் ஒரே சரக்கு என்று நாம் நினைப்பதில்லை. தயாரித்தவர் பெயர், 14 இலக்க உணவு உரிம எண் எல்லாம் பார்த்துத்தான் கடையில் அடுக்குகிறோம். புரோகிராமும் அப்படியே. இணையத்தில் பெயரைத் தேடினால் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். போலித் தளமாகவும் இருக்கலாம். எழுதியவரின் சொந்த இணையதளத்திலிருந்து இறக்க வேண்டும், அல்லது அவர் கையாலேயே வாங்க வேண்டும். நண்பரின் நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி, எழுதியவர் நல்லவராக இருந்தாலும், நல்ல பிரதி என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

3. எதற்கு இவ்வளவு அதிகாரம் கேட்கிறது? நீலப் பெட்டிக்கு அடுத்து இன்னொரு பெட்டி வரும். இந்தப் புரோகிராம் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்யலாமா என்று கேட்கும். கையொப்பம் இல்லாதவற்றுக்கு அதில் மஞ்சள் பட்டையும் 'அன்நோன் பப்ளிஷர்' என்ற சொற்களும் இருக்கும். இங்கே 'யெஸ்' என்றால் வீட்டுச் சாவிக் கொத்தையே கொடுத்ததாக அர்த்தம். பில் புரோகிராம் முதல் தடவை நிறுவும்போது இதைக் கேட்பது வழக்கம். தினமும் திறக்கும்போதெல்லாம் கேட்டால், ஏன் என்று எழுதியவரிடம் கேட்க வேண்டும். படம் பார்க்கும் புரோகிராமும் நாள்காட்டியும் சாவிக் கொத்து கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

திறக்கும் முறை, படிப்படியாக

முதற்படி: பேக்கப். பில், கணக்கு ஃபைல்கள் உள்ள ஃபோல்டரைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால் நாசப் புரோகிராம் அதையும் பூட்டிவிடும்.

இரண்டாம் படி: ஃபைலின் முழுப் பெயரைப் பாருங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரில் 'வியூ' மெனுவுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இயக்குங்கள். அதன் பிறகு பெயரின் வால் தெரியும். பிடிஎஃப் படம் போட்டு, 'இன்வாய்ஸ்' என்று பெயர் வைத்து, வால் மட்டும் 'இஎக்ஸ்இ' என்று இருந்தால் அது பில் அல்ல, புரோகிராம். உடனே அழித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஃபைல் மேல் வலது பொத்தானை அழுத்தி 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பக்கம் இருந்தால் கையொப்பம் இருக்கிறது. யார் பெயர் என்று படியுங்கள். பெரிய கம்பெனியின் புரோகிராம் என்று சொல்லிக் கொடுத்த ஃபைலில் அந்தப் பக்கமே இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். ஊர் இளைஞர் எழுதியதில் இல்லாவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

நான்காம் படி: கைரேகை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் 'ஷா-256' என்ற முறையில் 64 எழுத்து, எண் கொண்ட அடையாளம் கணக்கிடலாம். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் முழுவதும் மாறிவிடும். எழுதியவரிடம் உள்ள அசல் ஃபைலின் அடையாளத்தைப் போனில் கேட்டு, உங்களிடம் உள்ளதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவருக்கு இது இரண்டு நிமிட வேலை.

ஐந்தாம் படி: சோதனை. வலது பொத்தானில் வரும் மெனுவில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் மூலம் ஸ்கேன் செய்யுங்கள். 'வைரஸ்டோட்டல்' என்ற இணையதளத்தில் ஃபைலை ஏற்றினால் பல கம்பெனிகளின் வைரஸ் சோதனைகளை ஒரே நேரத்தில் செய்து காட்டும், கட்டணம் இல்லை. அங்கே ஏற்றுவது பிறர் பார்வைக்கும் போகும். ஆகவே நிறுவும் ஃபைலை மட்டும் ஏற்றுங்கள். கணக்கு ஃபைலை ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

ஆறாம் படி: முடிந்தால் தனி இடத்தில் திறந்து பாருங்கள். விண்டோஸ் 'புரோ' பதிப்பில் 'விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்' என்ற வசதி உண்டு. கம்ப்யூட்டருக்குள் தற்காலிகமாக இன்னொரு கம்ப்யூட்டர் போல அது இயங்கும். மூடியதும் உள்ளே நடந்ததெல்லாம் அழிந்துவிடும். 'ஹோம்' பதிப்பில் இந்த வசதி இல்லை. அப்படியானால் கணக்கு இல்லாத பழைய கம்ப்யூட்டர் ஒன்றில், கடை இணைப்பிலிருந்து பிரித்து வைத்துப் பார்க்கலாம்.

ஏழாம் படி: இத்தனையும் திருப்தியாக இருந்தால், நீலப் பெட்டியில் 'மோர் இன்ஃபோ' அழுத்துங்கள். புரோகிராம் பெயர், வெளியிட்டவர் பெயர் தெரியும். கீழே 'ரன் எனிவே' என்ற பொத்தான் வரும். அதை முதலாளியே அழுத்துங்கள். கடைப் பையனிடம் விட வேண்டாம்.

புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் சிலவற்றில் 'ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல்' என்ற கடுமையான காவல் இயங்கும். அங்கே 'ரன் எனிவே' வராமலே போகலாம். ஒரு புரோகிராமுக்காக அதை அணைத்துவிடாமல், கையொப்பமிட்ட பிரதியை எழுதியவரிடம் கேளுங்கள்.

மாக் கம்ப்யூட்டர் வைத்திருப்போருக்கு

ஆப்பிளின் மாக் கம்ப்யூட்டரில் 2012 முதல் 'கேட்கீப்பர்' என்ற காவல் உண்டு. முன்பு கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு திறந்தால் வழிவிடும். 2024ல் வந்த 'செக்கோயா' பதிப்பில் அந்தக் குறுக்கு வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒருமுறை திறக்க முயன்று, எச்சரிக்கை வந்த பிறகு, 'சிஸ்டம் செட்டிங்ஸ்' உள்ளே 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி' பக்கத்தில் கீழே 'ஓபன் எனிவே' என்ற பொத்தானைத் தேட வேண்டும். சுமார் ஒரு மணி நேரம் அது அங்கே இருக்கும். கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டையும் கேட்கும். இந்த ஃபைல் உங்கள் கம்ப்யூட்டருக்குச் சேதம் விளைவிக்கும் என்றே சொன்னால் மட்டும் திறக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.

எவற்றைத் திறக்கவே கூடாது?

நீலப் பெட்டி தெரியாத ஆள் என்று சொல்லும். டிஃபெண்டர் 'த்ரெட் ஃபவுண்ட்' என்று சொன்னால் அது வேறு. ஆபத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பொருள். சிறு புரோகிராம்கள் சில சமயம் தவறாகவும் மாட்டிக்கொள்ளும் என்பது உண்மை. அதைத் தீர்ப்பது எழுதியவர் பொறுப்பு. அவர் ஃபைலை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு அனுப்பி மறுபரிசீலனை கேட்கலாம். அதுவரை நாம் காத்திருக்கலாம்.

"வைரஸ் காவலை அணைத்துவிட்டு நிறுவுங்கள்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய கணக்குப் புரோகிராமைப் பூட்டு உடைத்து இலவசமாகத் தரும் 'கிராக்' பிரதிகள் இப்படித்தான் கேட்கும். பூட்டு உடைத்தவர் நமக்கு மட்டும் யோக்கியராக இருப்பார் என்று நம்ப இடமில்லை.

கையொப்பம் சரியாக உள்ள நல்ல புரோகிராம்களும் தவறான கையில் ஆபத்தாகலாம். தொலைவிலிருந்து நம் திரையைப் பார்த்து இயக்க உதவும் 'எனிடெஸ்க்' போன்றவை அந்த வகை. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, அந்த ஆப்பைப் போனில் ஏற்றச் சொல்லிப் பணம் பறிக்கும் மோசடி பற்றி எச்சரித்தது. வங்கியிலிருந்து, வரித் துறையிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி எந்தப் புரோகிராமையும் ஏற்றச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

கூடங்குளம் தரும் பாடம்

2019 செப்டம்பர் 4ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஒரு கம்ப்யூட்டரில் நாசப் புரோகிராம் இருப்பதாக மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு தெரிவித்தது. அக்டோபர் 30ல் இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த கம்ப்யூட்டர் அது. உலையை இயக்கும் அமைப்பு அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிக்கப்படவில்லை என்று கழகம் தெரிவித்தது.

நம் கடைக்கும் அதே முறைதான். பில், கணக்கு, வங்கி வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர். வாட்ஸ்அப், மெயில், பிள்ளைகளின் பாடம், பாட்டு எல்லாவற்றுக்கும் வேறொன்று. இரண்டு வாங்க முடியாதவர்கள் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கணக்குகள் வைக்கலாம். தினசரி வேலைக்கு 'ஸ்டாண்டர்ட் யூசர்'. புரோகிராம் நிறுவ மட்டும் பாஸ்வேர்டு போட்ட 'அட்மினிஸ்ட்ரேட்டர்'. அந்தப் பாஸ்வேர்டு முதலாளியிடம் மட்டும் இருக்கட்டும். கல்லாச் சாவியை எல்லோரிடமும் கொடுப்பதில்லையே.

ஏதேனும் நடந்துவிட்டால்

உடனே இணைய வயரைப் பிடுங்குங்கள், வை-ஃபையை அணையுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் வங்கிப் பாஸ்வேர்டு எதையும் அடிக்காதீர்கள். வேறு கம்ப்யூட்டர் அல்லது போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வங்கிக்குத் தெரிவியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் பேசுங்கள்; சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. முதல் சில மணி நேரத்தில் தகவல் கொடுத்தால் பணம் கைமாறும் முன் நிறுத்த வாய்ப்பு அதிகம். 2017ல் தொடங்கிய மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' நாசப் புரோகிராம்களை நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பக்கத்துக் கடைக்காரருக்கும் சொன்னால் அவர் தப்பிப்பார்.

ஊர் இளைஞர்களிடம் கேட்க வேண்டியவை

முத்திரை இல்லை என்பதற்காக நம் ஊர்ப் பிள்ளைகளின் புரோகிராம்களை ஒதுக்கிவிட வேண்டாம். நம் தேவை அறிந்து எழுதுகிறவர்கள் அவர்கள். ஆனால் வாங்கும்போது நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: பெயர், முகவரியுடன் ரசீது, ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் ஷா-256 அடையாளம், கணக்கு ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதை எப்படி நகல் எடுப்பது என்ற குறிப்பு, காவலை அணைக்காமலே நிறுவ முடியும் என்ற உறுதி. ஒரே புரோகிராமை வாங்கும் பத்து, இருபது கடைக்காரர்கள் சேர்ந்தால், கையொப்பச் சான்றிதழின் ஆண்டுக் கட்டணத்தைப் பங்கிட்டு அவருக்கு வாங்கிக் கொடுப்பதும் ஆகாத காரியம் அல்ல. பிறகு நீலப் பெட்டி படிப்படியாகக் குறையும். புரோகிராமுக்குப் பொறுப்பான பெயரும் எல்லோருக்கும் தெரியும்.

பயிற்சி

கீழ்க்கண்டவற்றை இன்றே உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்.

1. ஃபைல் பெயர்களின் வால் தெரிகிறதா?

2. உங்கள் பில் புரோகிராமில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா? இருந்தால் யார் பெயரில்?

3. தினமும் பில் போடும் கணக்கு 'ஸ்டாண்டர்ட்' வகையா, 'அட்மினிஸ்ட்ரேட்டர்' வகையா?

4. கடைசியாகப் பேக்கப் எடுத்த தேதி என்ன? அந்த டிஸ்க் இப்போது கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறதா, பீரோவில் இருக்கிறதா?

5. புரோகிராம் எழுதியவரின் தொலைபேசி எண்ணும் 1930 என்ற எண்ணும் கம்ப்யூட்டர் மேசையில் எழுதி ஒட்டப்பட்டுள்ளனவா?

ஐந்துக்கும் சரியான பதில் கிடைக்காதவர்கள் புதிய புரோகிராம் எதையும் திறப்பதற்கு முன் குறைகளைச் சரிசெய்துகொள்ள வேண்டுகிறோம்.